வாசகர் கேள்வி பதில்: பெண் பிள்ளை வெயிட் தூக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. பள்ளிக் கால்பந்து அணியில் ஆடுகிறாள். கோச் வெயிட் தூக்கச் சொல்கிறார். உயரம் நின்றுவிடும், உடம்பு முறுக்கேறிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். அனுப்பலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாக அனுப்புங்கள். கோச் பக்கத்தில் நின்று சரியாகச் செய்யவைத்தால் வளர்ச்சி தடைபடாது. தசையைப் பருக்கவைக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் பெண்களுக்கு மிகக் குறைவு.

கவலைப்பட வேண்டியது முழங்காலை நினைத்துத்தான். ஏசிஎல் எனும் மூட்டு ஜவ்வு கிழியும் ஆபத்து, ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். ஸ்பெயினின் அலெக்சியா புட்டெயாஸ் 2022 யூரோ கோப்பையில் ஆட முடியாமல் போனதும், இங்கிலாந்தின் லியா வில்லியம்சன், பெத் மீட் இருவரும் 2023 உலகக் கோப்பையைத் தவறவிட்டதும் இதனால்தான். பெரும்பாலும் யாரும் இடித்து இது கிழிவதில்லை. வேகமாக ஓடிச் சட்டென்று திரும்பும்போதோ, எகிறித் தலையால் பந்தை முட்டி ஒற்றைக் காலில் இறங்கும்போதோ முழங்கால் உள்பக்கம் சாய்கிறது, ஜவ்வு அறுந்துவிடுகிறது. பின்தொடைத் தசை பலமாக இருந்தால், கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் இழுத்துப் பிடிக்கும்.

அதற்கு நார்டிக் பயிற்சி. பாயை மடித்துப் போட்டு மகள் முழங்காலிடட்டும். தோழி பின்னால் உட்கார்ந்து கணுக்கால் இரண்டையும் தரையோடு அழுத்திக்கொள்ள வேண்டும். முழங்காலிலிருந்து தலைவரை உடம்பு நேராக இருக்க, முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய வேண்டும். தாங்க முடியாதபோது கையை ஊன்றிக்கொள்ளலாம். முதலில் 3 முதல் 5 முறை. பழகியபின் 7 முதல் 10. பலர் இடுப்பை மடித்துவிடுகிறார்கள். மடித்தால் பின்தொடைக்கு வேலை குறைந்துவிடும். மறுநாள் நன்றாக வலிக்கும் என்பதால் மேட்சுக்கு முந்தின நாள் வேண்டாம்.

ஸ்குவாட் எனும் உட்கார்ந்தெழும் பயிற்சியை வெறும் உடம்போடு 10 முறை, 3 செட் என்று தொடங்கலாம். முன்னாலிருந்து செல்போனில் படமெடுத்துப் பாருங்கள். முழங்கால்கள் ஒன்றையொன்று நெருங்கினால் இன்னும் டம்பெல் கொடுக்காதீர்கள்.

காயத்தைத் தவிர்க்க உதவும் ஃபிஃபாவின் '11 பிளஸ்' வார்ம்-அப் 20 நிமிடம்தான். வாரம் இரண்டு தடவையாவது செய்யவைக்கச் சொல்லிக் கோச்சிடம் கேளுங்கள்.

கேள்வி: நான் கல்லூரி அணியில் ஆடுகிறேன். இரண்டாம் பாதியில் மூச்சு வாங்குகிறது. ஓட்டத்தைக் கூட்டட்டுமா?
- வாசகி, நெய்வேலி

பதில்: முதலில் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே என்றால் ரத்தசோகை. ஃபெரிட்டினும் பாருங்கள், ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். மாதவிடாயில் உதிரப்போக்கு அதிகமென்றால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். மாத்திரையை அவர் சொன்னபின் எடுங்கள். சாப்பிட்டவுடன் டீ வேண்டாம், இரும்பு உடம்பில் சரியாகச் சேராது.