கூகுள் பக்கத்தைத் திறக்காமலே தேடுவது எப்படி?

கேள்வி: திருவல்லிக்கேணியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். புத்தக வேலை வந்தால் எழுத்துப்பிழை பார்க்க விக்சனரி, ஊர்ப் பெயர் பார்க்க விக்கிப்பீடியா, படிவத்துக்கு அரசுத் தளம் என்று மாற்றி மாற்றித் திறக்க வேண்டியிருக்கிறது. மவுஸைப் பிடித்தே பாதி நேரம் போகிறது. சுருக்குவழி ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. எக்ஸ்டென்ஷன் எதுவும் போட வேண்டாம், பிரவுசரிலேயே இருக்கிறது.

முதலில் கன்ட்ரோல் எல். எந்தப் பக்கத்தில் இருந்தாலும் கர்சர் முகவரிப் பட்டைக்குப் போய்விடும், அப்படியே அடிக்கலாம். கடைசியில் வெறும் என்டருக்குப் பதில் ஆல்ட் என்டர் தட்டினால் முடிவு புது டேபில் திறக்கும். பார்த்துக்கொண்டிருந்த பக்கம் கலையாது.

உங்கள் வேலைக்கு இதைவிடப் பயன்படுவது, ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு குறியீடு வைப்பது. குரோமில் செட்டிங்ஸ், சர்ச் இன்ஜின் போய் மேனேஜ் என்பதைத் திறங்கள். சைட் சர்ச் பகுதியில் ஆட் இருக்கும். பெயர், ஷார்ட்கட், யூஆர்எல் என்று மூன்று கட்டம் வரும்.

யூஆர்எல் கட்டத்தில்தான் பலரும் திணறுவார்கள். விக்சனரிக்குப் போய், அர்த்தமே இல்லாத நாலு ஆங்கில எழுத்தைத் தேடுங்கள். தமிழ்ச் சொல்லைத் தேடினால் காப்பி செய்த முகவரியில் அது சதவீதக் குறியும் எண்ணுமாக நீண்டுவிடும், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது. உண்மையான சொல்லாக இருந்தால் நேரே அந்தப் பதிவுக்கே கொண்டுபோய் விடும், தேடல் முகவரி கிடைக்காது. முடிவுப் பக்கம் வந்ததும் முகவரியை எடுத்துக் கட்டத்தில் ஒட்டி, அந்த நாலு எழுத்தை மட்டும் அழித்துவிட்டு, அங்கே % குறியும் அதை ஒட்டிச் சின்ன எஸ் எழுத்தும் போடுங்கள். நடுவில் இடைவெளி கூடாது.

ஷார்ட்கட்டுக்கு எழுத்தைவிட எண் நல்லது என்பேன். தமிழ் கீபோர்டு ஆனில் இருக்கும்போது ஆங்கில எழுத்தை அடித்தால் தமிழெழுத்து விழும். எண் பெரும்பாலும் எண்ணாகவே விழும். விக்சனரிக்கு 11, விக்கிப்பீடியாவுக்கு 22 என்று வையுங்கள். கருப்பா கறுப்பா என்று சந்தேகம் வந்தால் கன்ட்ரோல் எல், 11, டேப், சொல், என்டர். அவ்வளவுதான்.

சில அரசுத் தளங்களில் நாம் தேடும் சொல் முகவரியில் வராது, அங்கே இந்த வழி எடுபடாது. அப்போது கூகுளையே வேலை வாங்கலாம். சைட் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி வைத்து, ஒட்டியே டிஎன் டாட் ஜிஓவி டாட் இன் போட்டு, இடைவெளி விட்டு அதே நாலு எழுத்தைத் தேடுங்கள். வரும் முகவரியில் அந்த எழுத்துக்குப் பின்னால் தொங்கும் நீள வாலை வெட்டிவிட்டு, முன்பு சொன்னபடி எழுத்தை மாற்றி 33 என்று சேமித்துக்கொள்ளுங்கள். இனி 33 போட்டால் தமிழக அரசுத் தளங்களுக்குள் மட்டும் தேடும்.

ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துகிறீர்கள் என்றால், இதே முகவரியைப் புக்மார்க்காகச் சேமித்து, அதன் கீவேர்டு கட்டத்தில் எண்ணைப் போடுங்கள். அங்கே டேபுக்குப் பதில் ஸ்பேஸ் தட்ட வேண்டும்.