அவள் பெயரை யாரிடம் சொல்வது?

கேள்வி: 36-வது வாரத்தில் என் மகள் இறந்தே பிறந்தாள். ஏழு வாரம் ஆகிறது. நான் பேச்செடுத்தாலே, "சீக்கிரம் இன்னொண்ணு பிறக்கும், இதை மறந்துடு" என்கிறார்கள். கணவர் வாயே திறப்பதில்லை. அவளுக்குப் பெயர் வைத்திருந்தோம். அதை நான் யாரிடம் சொல்வது?

பதில்: அன்புத் தோழி, உங்கள் மகளுக்காக நாங்களும் வருந்துகிறோம். கர்ப்பத்தின் 28 வாரங்களைக் கடந்தபின் இறந்து பிறக்கும் குழந்தைகள் உலகில் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம். இத்தனை தாய்மார்கள் இருந்தும் ஒருவரை ஒருவர் அறியாமல் இருப்பதற்கு, உங்கள் வீட்டில் நடப்பதைப் போலப் பேச்சை மாற்றிவிடுவதே பெரிய காரணம். அதனால் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது.

பிரசவம் பார்த்த மருத்துவரிடமோ செவிலியரிடமோ, "குழந்தையை இழந்த பெற்றோருக்கென்று ஆதரவுக் குழு இருக்கிறதா?" என்று இதே சொற்களில் கேளுங்கள். "மனசு சரியில்லை" என்று மட்டும் சொன்னால் தூக்க மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும். எல்லா வகைத் துக்கத்துக்குமான பொதுக் குழு உங்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. "நல்லவேளை, பழகறதுக்கு முன்னாடியே போயிடுச்சு" என்று அங்கேயும் யாராவது சொல்லிவிடுவார்கள்.

போவதற்கு முன் குழுவை நடத்துபவரிடம் போனில் பேசுங்கள். பேசியே ஆக வேண்டுமா, சும்மா உட்கார்ந்திருக்கலாமா? மறுபடி கர்ப்பமானவர்களும் அதே கூட்டத்துக்கு வருவார்களா? இந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். இப்போது உங்களால் அதைத் தாங்க முடியாமல் போகலாம். அவர்களுக்குத் தனிக் கூட்டம் வைக்கிற குழு நல்லது. முதல் நாள் கதவோரம் உட்காருங்கள். பாதியில் எழுந்துபோனாலும் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

பலர் முதல் கூட்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். மற்றவர்கள் சொல்லக் கேட்கும்போது தங்கள் பிரசவ அறையே கண்முன் வந்துவிடும். போனபோது இருந்ததைவிடப் பாரமாகத் திரும்புவார்கள். அது இயல்புதான். மூன்று முறையாவது போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆனால் யார் துக்கம் பெரிது என்று அளக்கிற இடமாகவோ மருந்து விற்கிற இடமாகவோ இருந்தால் அன்றே விட்டுவிடுங்கள்.

போனில் கர்ப்பகாலச் செயலி இருந்தால், இழப்பை அதில் பதியுங்கள் அல்லது கணக்கையே நீக்குங்கள். இல்லாவிட்டால் "உங்கள் குழந்தைக்கு இன்று இரண்டு மாதம்" என்று ஒரு நாள் செய்தி வந்து நிற்கும்.

கணவர் பேசாததால் அவருக்குத் துக்கம் இல்லை என்றாகாது. நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்காதீர்கள். சேர்ந்து நடக்கும்போது, "அவ முகம் உங்களுக்கு ஞாபகம் வருதா?" என்று கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்லும்வரை விட்டுவிடுங்கள். தந்தையர்க்கென்று தனியாகக் கூடும் குழுக்களும் உண்டு.

உறவில் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்து, "ஆறுதல் சொல்ல வேண்டாம். அவ பேரைச் சொல்லி என்கூடப் பேசுங்க, போதும்" என்று கேளுங்கள். பலருக்கு என்ன பேசுவது என்றே தெரிவதில்லை, சொல்லிக்கொடுத்தால் செய்வார்கள்.

குழு மட்டும் போதாத நிலையும் உண்டு. உடல் ஓய்ந்தும் இரண்டு வாரமாகத் தூக்கம் வரவில்லை, சாப்பிட முடியவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய 10 கேள்விகள் கொண்ட எடின்பரோ படிவம் உண்டு. அதைக் கேட்டு நிரப்புங்கள். சாகத் தோன்றினால் தனியாக இருக்காதீர்கள், அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள்.

அக்டோபர் 15, கருவிலும் பிறந்த பின்னும் இழந்த குழந்தைகளை நினைவுகூரும் நாள். அன்று அந்தந்த ஊர் நேரப்படி மாலை 7 மணிக்குப் பல நாடுகளில் பெற்றோர் மெழுகுவத்தி ஏற்றி ஒரு மணி நேரம் எரியவிடுகிறார்கள்.

கடிதத்தில் அவள் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.