சிங்கப்பூரில் தூண்டில் போட மாசி நல்ல மாதமா?

சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து உட்லண்ட்ஸில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "டொராண்டோவில் இருக்கும் மாமா மகன், பனி உருகினால்தான் ஏரியில் மீன்பிடி களைகட்டும் என்கிறான். ஊரிலும் மாசி, பங்குனியில்தான் கண்மாயில் மீன்பிடித் திருவிழா. இங்கே நீர்த்தேக்கத்தில் இப்போது தூண்டில் போட்டால் மீன் கிடைக்குமா அண்ணா? லைசென்ஸ் வேண்டுமா? மண்புழு எங்கே வாங்கலாம்?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். மண்புழு தேடாதீர்கள் தம்பி. நீர்த்தேக்கங்களில் செயற்கை இரைக்கு மட்டும்தான் அனுமதி. புழு, ரொட்டி, கோழிக்குடல் எதுவும் கூடாது. நாம் குழாயில் பிடிக்கிற தண்ணீர் அங்கிருந்து வருவதுதான். லைசென்ஸ் கிடையாது, கட்டணமும் இல்லை. ஆனால் நீர்த்தேக்கங்களைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் (PUB) மீன்பிடிக்க ஒதுக்கிப் பலகை வைத்திருக்கும் இடத்தில் மட்டுமே நிற்கலாம். பலகைக்கு அந்தப் பக்கம் மீன் துள்ளுகிறதே என்று நகர்ந்து போனால் அபராதம்தான். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு அந்த வம்பே வேண்டாம்.

இனி பருவத்துக்கு வருவோம். மாமா மகன் சொல்வது அவர் ஊர் ஏரிக்கு முழுக்கச் சரி. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கும். அதனால் குளிர்காலத்தில் மேலே பனிக்கட்டியும் அடியில் 4 டிகிரித் தண்ணீருமாக ஏரி இரண்டு அடுக்காகக் கிடக்கும். பனி உருகி மேல்தண்ணீரும் 4 டிகிரிக்கு வந்ததும், காற்று அடித்தால் ஏரி முழுவதும் கலங்கிப் புரளும், பிராணவாயு அடிவரை போகும். வெயில் படுகிற, சேற்றுத்தரை கறுத்த ஆழமில்லாத ஓரங்கள்தான் முதலில் சூடாகும். சின்ன மீன்கள் அங்கே ஒதுங்கும், அவற்றைத் தின்ன பெரியவை வரும். அங்கே தூண்டில்காரர்கள் ஒரு டிகிரி, இரண்டு டிகிரிக் கணக்குப் பார்ப்பது அதனால்தான். அதே நேரத்தில் பல மீன்களுக்கு முட்டையிடும் காலமும் வருவதால், ஒண்டாரியோவில் இனத்துக்கு இனம் பிடிக்கக் கூடாத நாட்களும் உண்டு. லைசென்ஸும் வேண்டும்.

நம் கண்மாய் கணக்கு வேறு. அங்கே வெயிலில் தண்ணீர் சுண்டிப்போய், இருக்கிற மீனெல்லாம் முழங்கால் ஆழத்தில் சேர்ந்துவிடும். ஊத்தா, கச்சா என்ற நாட்டு மீன்பிடிச் சாமான்களோடு ஊர்கூடி இறங்குவது அதனால்தான்.

சிங்கப்பூரில் இந்த இரண்டுமே நடக்காது. தண்ணீர் உறைவதில்லை, வற்றவும் விடமாட்டார்கள். 2014 பிப்ரவரி, 1869 முதலான மழைப் பதிவில் மிக வறண்ட மாதமாக இருந்தது. அப்போதுகூட, கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் நியூவாட்டரை நீர்த்தேக்கங்களுக்குள் இறைத்துவிட்டார்கள். ஆகவே இங்கே மீனுக்கு மாதம் கிடையாது, மழைதான் கணக்கு. வடகிழக்குப் பருவமழையின் ஈரமான பாதி டிசம்பர், ஜனவரியோடு முடிகிறது. பிப்ரவரியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை காய்ந்த பாதி: காற்று வீசும், மழை குறையும், தண்ணீர் தெளியும். மார்ச் பிற்பகுதியில் காற்று ஓய்ந்து, மத்தியானத்துக்கு மேல் இடியும் மழையும் தொடங்கும். நீங்கள் கேட்ட மாசிக்குள் காய்ந்த வானிலைதான் பெரும்பாலும் விழுகிறது. என்னைக் கேட்டால் ஆரம்பிக்க நல்ல நேரம் இதுதான்.

காரணம் பீகாக் பாஸ். தென் அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே குடியேறிவிட்ட மீன். (நம்மைப் போலத்தான், ஆனால் அதற்கு யாரும் பெர்மிட் கொடுக்கவில்லை.) கண்ணால் பார்த்து இரை பிடிக்கும், பகலில்தான் வேட்டையாடும். தெளிந்த தண்ணீரில் இரையை வெகு தூரத்திலிருந்தே பார்த்துத் துரத்தும். பெருமழைக்கு மறுநாள் தண்ணீர் டீ நிறத்தில் இருந்தால் அதை நம்பிப் போகாதீர்கள். அதற்காக அதிகாலை நாலு மணிக்கு எழுந்து ஓடவும் வேண்டாம், மாசியில் இங்கே சூரியன் உதிக்கவே ஏழேகால் ஆகிவிடும். அதோடு இது குளிர் தாங்காத மீன். டொராண்டோ ஏரியில் விட்டால் ஒரு குளிர்காலம்கூடத் தாண்டாது.

உங்களுக்குக் கைவரக்கூடிய மீன் தோமான் என்று நினைக்கிறேன். ஊர் விராலுக்கு அண்ணன் முறை, உருவத்தில் அதைவிட மிகப் பெரியது. விரால் போலவே மூச்செடுக்க மேலே வந்தே தீரும். கண்மாய்க் கரையில் உட்கார்ந்து விரால் 'பொளக்' என்று வாய் வைத்துப் போகிற இடத்தைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அந்தக் கண் இங்கே அப்படியே உதவும். காற்று இல்லாத காலையில், நிழல் விழுகிற ஓரம், தாமரை, கோரை ஒட்டிய இடம் பாருங்கள். மேலே வந்த இடத்தில் எறியாமல், அது போகும் திசையில் கொஞ்சம் தள்ளி ரப்பர் தவளையை விழவைத்து மெதுவாக இழுங்கள். பல் கூர்மை, எனவே தூண்டில் நரம்பின் நுனியில் கம்பி இணைப்பு போடாவிட்டால் நரம்பைக் கடித்து அறுத்து இரையோடு போய்விடும். சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மேலே மொய்த்தால் கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அப்போது எதைப் போட்டாலும் கோபத்தில் கடிக்கும். சுலபம்தான், ஆனால் அதைப் பிடித்தால் குஞ்செல்லாம் மற்ற மீனுக்குத் தீனி. நான் அந்தப் பக்கம் எறிவதில்லை.

இடம் என்றால் உங்களுக்குக் கிராஞ்சி நீர்த்தேக்கம் பக்கத்தில்தான், லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கமும் யீஷூனில்தான் இருக்கிறது. முதலில் லோயர் சிலேத்தாருக்குப் போங்கள். கிராஞ்சி அணைக்கு அப்பால் சுங்கை பூலோ சதுப்பு நிலத்தில் உப்புநீர் முதலை உண்டு, அங்கே வைத்திருக்கும் எச்சரிக்கைப் பலகை அலங்காரத்துக்கு அல்ல. பிடோக் முன்பு மணல் தோண்டிய பள்ளம், 1986-இல் நீர்த்தேக்கமானது. உங்களுக்கு வெகு தூரம், பிறகு பார்க்கலாம். எங்கேயும் தண்ணீரில் இறங்கக் கூடாது.

சாமானுக்கு நிறையச் செலவழிக்காதீர்கள். நடுத்தரக் கோல் ஒன்று, ரீல் ஒன்று, தவளை ஒன்று, சின்ன மீன் வடிவச் செயற்கை இரை (லூர்) இரண்டு போதும். ரயிலில் ஏறும்போது முள்ளைக் கழற்றி டப்பாவில் போடுங்கள். எறியும் முன் பின்னால் பாருங்கள். ஓடுகிறவர்கள், சைக்கிள், குழந்தை வண்டி என்று வந்துகொண்டே இருப்பார்கள். தலைக்கு மேல் சுழற்றி எறியாமல் பக்கவாட்டில் எறிந்தால் நல்லது. அறுந்த நரம்பைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள், பறவையும் உடும்பும் அதில் மாட்டிச் சாகின்றன.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். இடிச் சத்தம் கேட்டதும் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கூரைக்கடியில் போய்விடுங்கள். இப்போதைய கோல்கள் பெரும்பாலும் கார்பன் நார், மின்சாரம் பாயும். திறந்த கரையில் அதைத் தூக்கிப் பிடித்து நிற்பதைப் போன்ற மடத்தனம் இல்லை. பங்குனி பிறந்தால் மத்தியானம் இரண்டு மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. கிளம்பும் முன் மைஈஎன்வி செயலியில் மழை நிலவரம் பாருங்கள்.

சமைப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து கேட்பீர்கள். இங்கே தூண்டில் போடுகிறவர்களில் பலர் பிடித்ததைப் படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள், நானும் அப்படித்தான். விரால் குழம்பு வேண்டுமானால் ஞாயிறு காலை தேக்கா சந்தைக்குப் போங்கள். அறுவை சிகிச்சை செய்தவர்களுக்குச் சூப் வைத்துக் கொடுக்கச் சீனர்களும் மலாய்க்காரர்களும் தேடி வாங்குவதால், சீக்கிரம் தீர்ந்துவிடும்.