நோரிக்கு எத்தனை பெயர்?

கேள்வி: கல்லூரியில் நான் 'போர்பைரா' என்று படித்த சிவப்புக் கடற்பாசி, அதாவது ஜப்பானியர்கள் சோற்றைச் சுற்றிச் சாப்பிடும் நோரி, மகளின் புத்தகத்தில் 'பைரோபியா' என்று இருக்கிறது. இணையத்தில் தேடினால் 'நியோபைரோபியா' என்கிறார்கள். எது சரி, ஏன் இப்படி மாற்றுகிறார்கள்?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: நோரியின் உடல் ரொம்ப எளிமையாக இருப்பதுதான் காரணம். ஒரு செடி என்றால் பூ, காய், விதை என்று ஒப்பிட நிறைய இருக்கும். நோரியோ ஒன்றிரண்டு செல் தடிமனுள்ள வெறும் தகடு. அதனால் செல் அடுக்கு ஒன்றா இரண்டா, செல்லுக்குள் பசுங்கணிகம் ஒன்றா இரண்டா என்று பார்த்துத்தான் பிரித்தார்கள். தோற்றம் இந்தப் பாசியில் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரு பழைய சான்றே உண்டு: சிப்பி ஓட்டுக்குள் வளரும் 'கான்கோசெலிஸ்' என்ற சிவப்பு இழையை வேறொரு பாசி என்றே நினைத்திருந்தார்கள், அது போர்பைராவின் வாழ்க்கையில் ஒரு கட்டம்தான் என்று 1949இல் இங்கிலாந்தின் கேத்லீன் ட்ரூ காட்டினார், ஜப்பானில் நோரியைச் சிப்பி ஓட்டிலிருந்தே வளர்த்தெடுக்க வழி பிறந்ததும் அதற்குப் பிறகுதான்.

சரி, பெயருக்கு வருவோம். 2011இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து இரண்டு மரபணுக்களை ஒப்பிட்டார்கள். அடுக்கையும் கணிகத்தையும் வைத்துப் போட்ட பழைய பிரிவுகள் உறவுமுறையோடு பொருந்தவே இல்லை. போர்பைராவின் தகடுகளும், அதன் உறவான பாங்கியா என்ற பாசியின் இழைகளும் ஒரே குடும்ப மரத்தில் கலந்து கிடந்தன. முன்பு போர்பைரா, பாங்கியா என்ற இரண்டு பேரினங்களில் அடங்கியவை பதினைந்தாகப் பிரிந்தன. நோரி பைரோபியாவுக்குப் போனது, வேல்ஸ் நாட்டில் வேகவைத்துச் சாப்பிடும் 'லேவர்' பாசி மட்டும் போர்பைராவாகவே நின்றது. இந்த மாற்றம் அவசியமானது என்றே நினைக்கிறேன், ஏனென்றால் நெருங்கிய உறவில்லாதவற்றை ஒரே பெயரில் வைத்திருந்தால் ஒன்றின் குணத்தை இன்னொன்றுக்கும் சேர்த்து நம்பிவிடுவோம்.

2020 கதை வேறு. அப்போது பைரோபியாவையும் உடைத்து, நோரியை நியோபைரோபியா என்றார்கள். அவ்வளவு பொடிப்பொடியாகப் பிரிக்க ஆதாரம் போதாது, பைரோபியாவே இருக்கட்டும் என்று 2022இல் வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். எனக்கும் அவர்கள் வாதமே பலமாகப் படுகிறது. யார் யாருக்குச் சொந்தம் என்பதை மரபணு சொல்லும், ஆனால் எந்தக் கிளையில் பேரினம் தொடங்குகிறது என்ற கோட்டைப் போடுவது நாம்தான், அங்கே தோற்றத்திலும் ஒரு வேறுபாடு தெரிந்தால்தான் அந்தப் பெயர் நிலைக்கும்.

உங்கள் மகள் பைரோபியா என்றே எழுதலாம். நீங்கள் இணையத்தில் தேடும்போது 'யெசோயென்சிஸ்' என்ற நோரியின் சிற்றினப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், முன்னால் உள்ள பேரினப் பெயர் மாறி மாறி வந்தும் அது மாறவில்லை.