ரோஜா இலையில் கரும்புள்ளி: செடியைப் பிடுங்க வேண்டாம்

வணக்கம் சகோதரி. கேமரன் மலையில் வாங்கிய ரோஜா, சுங்கை சிப்புட்டில் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்த மூன்றே மாதத்தில் இலையெல்லாம் புள்ளி விழுந்து கொட்டுகிறது, பிடுங்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். தண்டு இன்னும் பச்சையாக இருக்கிறது என்கிறீர்களே, செடி பிழைத்துக்கொள்ளும்.

ஓர் இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புள்ளியின் ஓரம் சீராக இல்லாமல் இழை இழையாகப் பிரிந்து, சுற்றிலும் மஞ்சள் பூத்திருந்தால் அது கரும்புள்ளி நோய்தான். இது பூஞ்சை. இலை 7 மணி நேரம் ஈரமாகவே இருந்தால் போதும், வித்து முளைத்து உள்ளே இறங்கிவிடும். நம் பக்கம் சாயங்கால மழை விடியும்வரை காய்வதில்லை. அதனால் மாலையில் தண்ணீர் ஊற்றாதீர்கள். காலையில், அதுவும் வேரில் மட்டும். தொட்டியைச் சுவரோரத்திலிருந்து நகர்த்தி, காலை வெயிலும் காற்றும் படும்படி வையுங்கள்.

விழுந்த இலைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். நான் ஒரு வருடம் மருந்து மட்டும் அடித்துக்கொண்டிருந்தேன். தொட்டி மண்ணில் கிடந்த பழைய இலைகளை அள்ளவில்லை. ஒவ்வொரு மழைக்கும் நோய் திரும்பி வந்தது, மனசே விட்டுப்போனது.

மருந்து என்றால் மேங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி, கையுறையும் முகக்கவசமும் போட்டு அடியுங்கள். புள்ளி விழுந்த இலையை அது குணமாக்காது, புதுத் தளிரைத்தான் காக்கும். உரம் இப்போது வேண்டாம். தளிர் நன்றாக விரிந்தபின் கொடுக்கலாம்.