சவ்வு அடைப்பும் கசடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: நாங்கள் இயக்கும் எம்பிஆர் (பாக்டீரியாக்கள் கழிவைச் செரிக்க, நுண்துளைச் சவ்வு நீரை வடிகட்டிப் பிரிக்கும் முறை) கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், ரசாயனக் கழுவல் முடிந்த சில நாட்களிலேயே சவ்வு வழியே நீரை இழுக்கத் தேவைப்படும் உறிஞ்சழுத்தம் மறுபடி ஏறிவிடுகிறது. சவ்வையே மாற்றிவிடலாமா?

பதில்: அந்தச் செலவில் இறங்குமுன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கழுவி முடித்த உடனே, அதே நீரோட்டத்தில், அழுத்தமானி காட்டும் அளவு புதிய சவ்வுக்கு இருந்த அளவின் அருகில் வந்து நிற்கிறதா? நிற்கிறது என்றால் சவ்வு நன்றாகத்தான் இருக்கிறது. குறை அதைச் சூழ்ந்திருக்கும் கசட்டில், அதாவது கழிவைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் நிறைந்த குழம்பில், இருக்கிறது. கழுவிய பிறகும் இறங்கவில்லை என்றால்தான் துளைகளுக்குள் மீளாத அடைப்பு சேர்ந்திருக்கிறதா, அல்லது கழுவும் முறை பொருந்தவில்லையா என்று ஆராய வேண்டும்.

இவ்வகைச் சவ்வுகளின் துளைகள் பெரும்பாலும் 0.04 முதல் 0.4 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். பாக்டீரியா ஏறக்குறைய 1 மைக்ரோமீட்டர் அளவுள்ளது என்பதால் அது துளைக்குள் நுழைய முடியாமல் மேலே படலமாகப் படிகிறது. இந்தப் படலத்தில் பெரும்பகுதியைக் காற்றுக் குமிழிகளும் எதிர்த்திசைக் கழுவலும் பெயர்த்துவிடும். உண்மையான தொல்லை, பாக்டீரியாக்கள் வெளிவிடும் புரதங்களும் பலசர்க்கரைகளும் சேர்ந்த கொழகொழப்பான பொருளால் வருகிறது. அது துளைச் சுவரில் ஒட்டுகிறது. படலத்தின் இடுக்குகளையும் அடைத்து அதை இறுக்கிவிடுகிறது. ஆக்சிஜன் குறைந்தாலும், கழிவின் சுமை திடீரென ஏறினாலும், உப்போ நச்சுப்பொருளோ கலந்து வந்தாலும் இந்தப் பொருள் நீரில் பெருகுகிறது. கசட்டுத் திரள்களும் உடைந்து மிக நுண்ணிய துகள்களாகப் பரவுகின்றன. ஆகவே, அழுத்தம் ஏறத் தொடங்கிய நாளுக்கு முந்தைய நாட்களின் பதிவேட்டை எடுத்து, காற்று ஊதி நின்றதா, வழக்கத்துக்கு மாறான கழிவு வந்ததா என்று முதலில் தேடுங்கள்.

அழுத்தம் வாரக்கணக்கில் மெதுவாக ஏறிவிட்டு, பிறகு ஓரிரு நாளில் தாவுவதைப் பலர் சவ்வு திடீரெனக் கெட்டுவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். பம்பு எப்போதும் ஒரே அளவு நீரை இழுப்பதால், அடைபட்ட பகுதி விட வேண்டிய நீரையும் அடைபடாத பகுதியே விட வேண்டியிருக்கிறது. அங்கே வேகம் கூட, கசடு இன்னும் விரைவாகப் படிகிறது. அந்தத் தாவலுக்கு முன்பே ஒரு சதுர மீட்டர் வழியாக இழுக்கும் நீரின் அளவைக் குறைப்பதும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை உறிஞ்சலை நிறுத்திக் காற்றை மட்டும் ஓடவிடுவதும் பெரும் பலன் தரும். தாவிய பிறகு பம்பின் வேகத்தைக் கூட்டி உற்பத்தியை ஈடுகட்டுவதுதான் நான் கண்ட வரையில் மிக மோசமான தீர்வு.

கேள்வி: கசட்டை வெளியேற்றும் செலவை மிச்சப்படுத்த, தொட்டியில் அதன் செறிவை உயர்த்திக்கொண்டே போகலாமா?

பதில்: ஓர் எல்லை வரை போகலாம். வழக்கமான முறையில், வீழ்படிவுத் தொட்டியில் கசடு படிய வேண்டியிருப்பதால், செறிவு பெரும்பாலும் லிட்டருக்கு 2,000 முதல் 4,000 மில்லிகிராம் வரைதான் வைக்க முடியும். சவ்வு அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுவதால், 8,000 முதல் 12,000 மில்லிகிராம் வரை இயக்குகிறார்கள். அதற்கு மேல் வெகுவாக உயர்ந்தால் கசடு கெட்டியாகி, ஊதும் காற்றிலிருந்து நீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது. சவ்வைத் துடைக்க வேண்டிய குமிழிகளும் நூல்போன்ற சவ்வு இழைகளுக்கு நடுவே ஏற முடியாமல் ஒதுங்கிவிடுகின்றன. நீங்கள் கசட்டில் மிச்சம் பிடித்ததைக் காற்று ஊதியின் மின்சாரத்தில் கொடுத்துவிடுவீர்கள்.

செறிவு மிகக் குறைந்தாலும் நல்லதல்ல என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். கசடு இளமையாக, அதாவது தொட்டியில் அதிக நாள் தங்காததாக, இருக்கும்போது கரைந்த கரிமப் பொருள் முழுதாகச் செரிக்கப்படாமல் நேராகத் துளைக்கு வந்து சேர்கிறது. செறிவு எண்ணை மட்டும் நம்பாமல், குறிப்பிட்ட அளவு கசட்டை மடித்த வடிதாளில் ஊற்றி, 5 நிமிடத்தில் எவ்வளவு நீர் வடிகிறது என்று தவறாமல் எழுதிவாருங்கள். வடிந்த நீர் தெளிவாகவும் அளவு நிலையாகவும் இருக்கும் வரை கசடு நல்ல நிலையில் இருக்கிறது. அளவு குறைந்து நீர் கலங்கத் தொடங்கினால், அழுத்தமானி சொல்லுமுன்பே அது உங்களுக்குச் சொல்லிவிடுகிறது.

கேள்வி: சவ்வுத் தொகுதியைத் தூக்கிப் பார்த்தபோது இழைகளின் மேல்முனையில் முடிக்கற்றைகள் பின்னிக்கிடந்தன. இதுவும் அடைப்புதானா?

பதில்: இது வேறு வகைத் தொல்லை, ரசாயனத்தால் தீராது. முடியும் துணி நாரும் இழைகளைக் கட்டிவிட, இடையில் சிக்கிய கசடு நீர் வற்றிக் களிமண்ணாக இறுகிவிடும். கையால் பொறுமையாகவும் மெதுவான நீர்த்தாரையாலும்தான் எடுக்க வேண்டும். நிலையான தீர்வு நுழைவாயிலில் இருக்கிறது: 1 முதல் 2 மில்லிமீட்டர் வட்டத்துளை சல்லடை வையுங்கள்; நீண்ட பிளவுள்ள சல்லடையில் முடி நீளவாக்கில் நழுவிவிடும்.

கேள்வி: ஹைப்போகுளோரைட் (குளோரின் சார்ந்த வெளுப்புக் கரைசல்), சிட்ரிக் அமிலம் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் கழுவல் விரைவில் முடியுமா?

பதில்: எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், நச்சான குளோரின் வாயு வெளிப்படும். கரிமப் படிவுக்கு ஹைப்போகுளோரைட், சுண்ணம் இரும்புப் படிவுகளுக்கு அமிலம். ஒன்றை முடித்து, தொட்டியையும் குழாய்களையும் நீரால் முழுதாக அலசிய பிறகே அடுத்ததைத் தொடங்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனிப் பம்பும் கலனும் இருப்பது நல்லது.