புவியியல் இல்லாத பள்ளி

அன்புள்ள ஐயா,

திருவொற்றியூரில் இருக்கிறோம். நான் காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்க்கிறேன். மகள் இங்கேயே அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்துவிட்டாள். பதினொன்றில் புவியியல் இருக்கிற குரூப்தான் வேண்டும் என்று ஒன்பதாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது போய்க் கேட்டால் அந்த குரூப்பையே எடுத்துவிட்டோம் என்கிறார்கள். டீச்சர் ரிட்டையர் ஆகிவிட்டாராம், சேருகிற பிள்ளைகளும் குறைவாம். காமர்ஸில் சேர்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். தண்டையார்பேட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அந்த குரூப் இருக்கிறது. பஸ்ஸில் போகவேண்டும், மனைவிக்குப் பயம். என் மச்சான் பக்கத்துத் தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் குரூப்பில் போடு, பீஸில் பாதி நான் தருகிறேன் என்கிறார். பிள்ளை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என்ன செய்யட்டும்?

*

அன்புள்ள நண்பருக்கு,

தண்டையார்பேட்டைக்கு அனுப்புங்கள். ஆனால் சேர்ப்பதற்கு முன்னால் ஒருநாள் நீங்களும் மனைவியும் மகளும் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு கரும்பலகைதான் நினைவுக்கு வந்தது. 1984-இல் நான் பத்தாவது முடித்தபோது எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் அறை வாசலில் குரூப்களைச் சாக்பீஸால் எழுதிவைத்திருந்தார்கள். நான்காவது வரியை ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள். காய்ந்த பிறகும் ‘வரலாறு’ என்பதில் ‘வர’ மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அந்த வரிக்காகத்தான் நான் போயிருந்தேன். “எந்த குரூப்பா இருந்தா என்னப்பா, பிளஸ் டூ பிளஸ் டூதானே” என்றார்கள். அப்பா மில்லில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக என்னோடு வந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கண் சொருகியது. சரிங்க சார் என்று கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடம் குறிப்பேடும் பேரேடும் எழுதினேன், பாஸும் செய்தேன். கணக்குப்பதிவியலில் குறை ஒன்றும் இல்லை, அதை விரும்பிப் படித்த என் வகுப்புத் தோழர்கள் நன்றாக வந்திருக்கிறார்கள். எனக்குத்தான் அது ஒட்டவில்லை. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருந்த பள்ளியில் வரலாறு இருந்தது என்பது அடுத்த வருடம்தான் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த இரண்டு ஸ்டாப் இன்றுவரை என்னை உறுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் மகள் ஏன் புவியியல் கேட்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. திருவொற்றியூர் கரையில் வளர்ந்த பிள்ளை அதைக் கேட்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நம் கரையில் கடல் ஏன் ஊருக்குள் வருகிறது என்பதற்குப் பதில் அந்தப் பாடத்தில்தான் இருக்கிறது. வருடத்தில் பெரும்பகுதி நம் கடலோரத்தில் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் குறுக்கே எழுந்ததும், நகர்ந்து வந்த மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது. மெரினா அகன்றது. வடக்கே ராயபுரத்துக்கும் அதற்கு மேலே இருந்த குப்பங்களுக்கும் வந்து சேரவேண்டிய மணல் வரவில்லை, அலை மட்டும் வந்தது. கரை கரைந்தது, வீடுகள் போயின. இன்று நீங்கள் பார்க்கிற, கடலுக்குள் நீளும் கருங்கல் தூண்டில் வளைவுகளெல்லாம் அந்தக் கணக்கைச் சரிக்கட்டப் போட்டவைதான். காசிமேட்டில் வயதான கடலோடி ஒருவரிடம் கேட்டுப்பாருங்கள், நீரோட்டம் எந்த மாதத்தில் எந்தப் பக்கம் இழுக்கும் என்று கையை நீட்டிக் காட்டுவார். அவர் கையில் இருப்பதும் பாடப்புத்தகத்தில் இருப்பதும் ஒரே அறிவு. இரண்டையும் சேர்த்துப் படிக்க நம் பக்கத்துப் பிள்ளைகள் வேண்டும். 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகம் முழுக்க எண்ணெய் படர்ந்தபோது எனக்கு இதுதான் தோன்றியது.

இனி மச்சான் சொல்கிற யோசனை. அவர் அன்பில்தான் சொல்கிறார். ஆனால் பீஸோடு நிற்கிற விஷயம் இல்லை அது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு கிடைக்கும். சட்டப் படிப்பும் அதில் அடக்கம், எந்த குரூப் படித்த பிள்ளையும் அதற்குப் போகலாம். கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப்பெண் திட்டத்துக்கும் எந்தப் பள்ளியில் படித்தாள் என்று பார்ப்பார்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இப்போது அது உண்டு. சுயநிதிப் பள்ளிக்குக் கிடையாது. இத்தனை வருடம் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு, கடைசி இரண்டு வருடத்துக்காக இரண்டையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். அதுவும் அவள் கேட்காத ஒரு குரூப்புக்காக.

மகள் இதுவரை படித்த பள்ளியையும் ஒரு வார்த்தை கேளுங்கள். பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியரை உபரி என்று கணக்கிட்டு வேறு பள்ளிக்குப் பணி நிரவலில் அனுப்புகிறார்கள், ஓய்வு பெற்றால் இடம் காலியாகவே கிடக்கிறது. ஆசிரியர் இல்லை என்று பிள்ளைகள் வருவதில்லை, பிள்ளைகள் இல்லை என்று ஆசிரியர் வருவதில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. புவியியல் குரூப் மறுபடி வேண்டும் என்று தீர்மானம் போட்டு முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பலாம். உங்கள் மகளுக்கு இந்த வருடம் அது உதவாது. இப்போது எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு உதவலாம், அதனால் செய்யுங்கள்.

உங்கள் மனைவியின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையான டி.எச். ரோட்டில் காலை நேரத்தில் டிரெய்லர் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் பிள்ளைகள் ரோடு தாண்டுவதைப் பார்த்தால் யாருக்கும் அடிவயிறு கலங்கும். வாயால் சொல்லி அந்தப் பயம் போகாது. பள்ளி நேரத்துக்கே மூன்று பேரும் கிளம்புங்கள், அவள் ஏறப்போகிற பஸ்ஸிலேயே. எங்கே இறங்க வேண்டும், எந்தப் பக்கம் தாண்ட வேண்டும், சிக்னல் எங்கே, எல்லாவற்றையும் அம்மா கண்ணால் பார்க்கட்டும். பஸ்ஸுக்குக் காசு ஆகாது, மாணவர் பாஸ் உண்டு. அம்மா கூடப் போனாலும் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. தாமதமாகிற நாளுக்கு மெட்ரோ இருக்கிறது. 2021-இல் அது விம்கோ நகர் வரை வந்த பிறகு திருவொற்றியூர்ப் பிள்ளைகளுக்குத் தண்டையார்பேட்டை தூரமே இல்லை.

அங்கே போனதும் தலைமையாசிரியரோடு நின்றுவிடாதீர்கள். புவியியல் ஆசிரியரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். நிரந்தரமானவரா, பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த தற்காலிக ஆசிரியரா, இன்னும் எத்தனை வருடம் இருப்பார் என்று கூச்சப்படாமல் விசாரியுங்கள். புவியியலுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு, போன வருடத்துப் பிள்ளை ஒருத்தியின் ரெக்கார்டு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். வரைபடத்தில் ஒரே உயரத்து இடங்களை இணைக்கிற சம உயரக் கோடுகளைப் பிள்ளை தானே வரைந்து, அழித்து, மறுபடி வரைந்த தடம் அதில் இருந்தால் அங்கே பாடம் நடக்கிறது என்று அர்த்தம். எல்லா நோட்டிலும் ஒரே கையெழுத்து, ஒரே தவறு என்றால் குரூப் பெயருக்குத்தான் இருக்கிறது. அப்படியானால் வேறு அரசுப் பள்ளி தேடவேண்டும், ராயபுரம், வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் வரைக்கும் விசாரிக்கலாம். ஆசிரியரோடு பேசுகிறபோது நீங்கள் பேசாதீர்கள், மகளைப் பேசவிடுங்கள்.

அதற்கு மேலே படிக்கிற கவலை இப்போதே வேண்டாம். கடற்கரைச் சாலையில் 1914-இல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரி இருக்கிறது, அதே சாலையில் மாநிலக் கல்லூரி இருக்கிறது. இரண்டும் அரசுக் கல்லூரி, இரண்டிலும் புவியியல் துறை உண்டு.

ஒன்றே ஒன்றில் கவனமாக இருங்கள். புதுப் பள்ளியில் இடம் உறுதி என்று தலைமையாசிரியர் சொல்வதற்கு முன்னால் பழைய பள்ளியில் டி.சி. வாங்கிவிடாதீர்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையேறி நிற்கும், இன்ஜின் வேலை உங்களுக்குத் தலைக்கு மேல் இருக்கும் என்று தெரியும். தடை முடிகிற ஜூன் 14 வரை காத்திருக்காதீர்கள், அதற்குள் இடம் நிரம்பிவிடும். இந்த வாரமே ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள்.

அன்புடன்.